மூன்று குடும்பங்கள் தவறிய காலை

தெக்லே மிஷ்கினியெனே தன் ஐம்பத்தெட்டு வயதில், அவசர உதவிக்கான நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை ஒரே ஒரு முறைதான் அழைத்திருக்கிறாள். வைக்கோல் கொட்டகை தீப்பிடித்த வருஷம்கூட அவள் அழைக்கவில்லை. இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினாள்; முப்பத்தாறு நடை நடந்து அணைத்தாள்; பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பசுவைக் கறந்தாள். அப்படிப்பட்டவள் அழைத்தாள் என்பதால்தான், மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு அவள் பேசிய பேச்சு ருதேலையில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப்படுகிறது.

ருதேலையில் வீடுகள் ஒன்பது. விளக்கு எரிவது ஏழில். தெற்கே ஏரி, வடக்கே பைன் காடு, நடுவே வளைந்து போகும் மண்சாலை. செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி வண்டி வரும். மீதி நிலமெல்லாம் க்விதஸ் என்பவனின் வயல். எண்ணெய்க்கடுகும் கோதுமையும் மாறி மாறிப் போடுவான்.

தெக்லே படித்தது எட்டாம் வகுப்புவரை. அதன்பின் கூட்டுப்பண்ணையின் கன்றுக் கொட்டிலில் வேலை. நாற்பத்திரண்டு கன்றுகளுக்குப் பால் காட்டுவாள். எந்தக் கன்று எந்தப் பக்கக் காதை ஆட்டும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். தொண்ணூற்றிரண்டில் பண்ணையைக் கலைத்துப் பங்கு போட்டபோது அவளுக்கு இரண்டு கன்றுகளும் பதினெட்டுத் தகரத் தகடுகளும் கிடைத்தன. கடைசி நாளன்று எல்லோரும் முற்றத்தில் நின்று யாருக்கு எது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் பால்கேன்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இனி அந்தக் கேன்களில் யாரும் பால் ஊற்றப்போவதில்லை. ஆனாலும் அழுக்குப் பாத்திரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அப்போதுதான் காட்டுப் பக்கமிருந்து தேனீக்கூட்டம் ஒன்று புகைபோல வந்தது. முற்றத்தை இரண்டு முறை சுற்றியது. தெக்லே கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு கேனின் கைப்பிடியில் குலையாகத் தொங்கிவிட்டது. சத்தம் போட்டவர்கள் எல்லோரும் கொட்டிலுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் ஓடவில்லை. தலைத்துணியை அவிழ்த்தாள். கேனை மெதுவாக நிமிர்த்திக் கூட்டத்தை உள்ளே உதறினாள். வாயைத் துணியால் கட்டினாள். உறுமுகிற கேனைக் கையில் பிடித்தபடி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் ஒரு தேனீப்பெட்டியைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை.

அக்கா லெயோனே எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "ஏண்டி, பால் கறக்கப் போனவ எதைக் கறந்துட்டு வர்ற?"

"வெளிய வந்து பாரு, தெரியும்."

"நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்."

கூட்டம் யாருடையது என்று மறுநாளே தெக்லே விசாரித்தாள். காட்டோரத்துப் பால்த்ருஸ் கிழவருடைய கூட்டம் அது. அவரிடம் போய் ஒப்படைக்கிறேன் என்றாள். அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "அவங்க உன்னத் தேடி வந்துட்டாங்க. நான் யாரு திருப்பிக் கூப்பிட? இனிமே நீயும் நானும் பிச்யூலிஸ்" என்றார்.

ஒரே வம்சத்துத் தேனீயைப் பகிர்ந்துகொண்டவர்கள் பிச்யூலிஸ். ரத்த உறவு இல்லை. ஆனால் அதற்குக் குறைந்ததும் இல்லை. பிச்யூலிஸ்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்ற மாட்டார்கள். கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் மற்றவர் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நிற்பார். தேனீயை விலைக்கு விற்பதும் வாங்குவதும் ருதேலையில் கிடையாது.

அந்த ஒரு கேனிலிருந்து தெக்லேயிடம் பதினான்கு குடும்பங்கள் ஆயின. பெட்டி என்று யாரும் சொல்வதில்லை. 'எத்தனை குடும்பம் வச்சிருக்க' என்றுதான் கேட்பார்கள். மற்ற இடங்களில் ராணி எனப்படும் தேனீக்கு இங்கே பெயர் தாய். இன்னொன்றும் உண்டு. மாடு செத்துப்போகும், நாய் செத்துப்போகும், பண்ணையாரின் பந்தயக் குதிரையே ஆனாலும் செத்துத்தான் போகும். தேனீ மட்டும் மனிதரைப் போலத் தவறிப்போகும். சின்ன வயதிலிருந்து வாயில் பழகிய சொல் அது. வேறு விதமாகச் சொன்னால் நாக்குக் கூசும்.

தெக்லேயின் கணவன் பொவிலஸுக்கு ஒரு தேனீ கொட்டினால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். அவன் நார்வேயில் கட்டட வேலைக்குப் போனது அதற்காகத்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தெக்லே மறுக்கவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். கையுறை போடாமல், காய்ந்த வில்லோக் கட்டையின் புகையோடு பெட்டியைத் திறப்பாள். வருஷத்தில் எத்தனை கொட்டு வாங்கினாள் என்று சுவர்க் காலண்டரில் கோடு போட்டு வைத்திருப்பாள். சென்ற வருஷம் ஒன்பது. பதினான்கு குடும்பங்களுக்கு ஒன்பது கொட்டு என்பது சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் வாய்க்காத கணக்கு.

எட்டு வருஷத்துக்கு முன் பால்த்ருஸின் பேரன் க்விதஸ் நகரத்திலிருந்து திரும்பி வந்து தாத்தாவின் நிலத்தில் இறங்கினான். கிழவரும் அவருடைய தேனீக்களும் அதற்குள் போயாகிவிட்டது. தெக்லே ஒரு கூட்டத்தைப் பிரித்து, ஒரு பச்சைப் பெட்டியில் போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அவன் வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். "உங்க தாத்தா வீட்டு ஆளுங்கதான். பாத்துக்க" என்றாள். அவன் நன்றி சொன்னான். பிச்யூலிஸ் என்ற சொல்லும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நிலம் பெருகப் பெருக டிராக்டரும் பெரிதானது. பச்சைப் பெட்டிப் பக்கம் போக அவனுக்கு நேரம் குறைந்தது.

இனி அந்தக் காலை.

அந்த வாரம் கடுகு பூக்கத் தொடங்கியிருந்தது. தெக்லே மூன்று குடும்பங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரச் சின்ன வயலின் விளிம்பில் வைத்திருந்தாள். மீதிப் பதினொன்று வீட்டுக்குப் பின்னால், ஏரிக்கரைப் பெரிய வயலைப் பார்த்தபடி இருந்தன. எட்டேகாலுக்குச் சாலையோரம் போனாள். பத்தடி தூரத்திலேயே நின்றாள். சத்தம் இல்லை. நீலப் பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. நாக்கு வெளியே நீண்டிருந்தது. மஞ்சள் பெட்டியும் அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் உயிர் இருந்தது. வயலில் டிராக்டர் போன தடம் ஈரமாக இருந்தது. இலைகளில் மருந்து நெடி.

பூத்த வயலில் பகலில் மருந்தடிக்கக் கூடாது என்பது சட்டம். க்விதஸுக்கும் தெரியும். பூ இன்னும் சரியாக விரியவில்லை என்று அவனாகவே ஒரு முடிவு செய்திருந்தான். இரவில் மழை வரும் என்றும் பயந்தான். ஆறு மணிக்குத் தொடங்கிச் சின்ன வயலை முடித்துவிட்டுத் தொட்டி நிரப்ப வீட்டுக்குப் போயிருந்தான். பத்து மணிக்கு ஏரிக்கரை வயலுக்கு வருவான் என்று அவ்வழியே வந்த ரொட்டி வண்டிக்காரன் அவளிடம் சொன்னான்.

பத்து மணிக்குள் அவனை நிறுத்தாவிட்டால் பதினொரு குடும்பமும் போய்விடும். பெட்டி வாசல்களை அடைக்கலாம். ஆனால் வேலைக்காரத் தேனீக்கள் பாதிக்கு மேல் ஏற்கெனவே வயலுக்குப் போயிருந்தன, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. அடைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். தெக்லே க்விதஸுக்கு நான்கு முறை போன் போட்டாள். எடுக்கவில்லை. அவன் வீடு காட்டைச் சுற்றிப் போனால் ஏழு கிலோமீட்டர். அவள் சைக்கிளுக்கு அன்று காற்று இல்லை. அவள் பதறவில்லை. அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

மறுமுனையில் ஒரு இளம்பெண். "அவசர உதவி. என்ன நடந்திருக்கு, சொல்லுங்க."

"ருதேலையிலேருந்து பேசறேன். இங்க மூணு குடும்பம் தவறிடுச்சும்மா."

"மூணு குடும்பமா? மொத்தமாவா?"

"ரெண்டு மொத்தமா போயிடுச்சு. மூணாவதுல கொஞ்சம் பேர் நடுங்கிட்டுக் கெடக்காங்க. வாசல்லயே விழுந்துட்டாங்க. உள்ள போகக்கூட முடியல."

"கொழந்தைங்க இருக்காங்களா?"

"உள்ள இருக்கு. ஊட்ட ஆளில்ல. ஒரு தாய் மட்டும் பொழச்சிருக்கா."

"எப்படி ஆச்சுன்னு தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன. விஷம். யார் வேலைன்னும் தெரியும். பக்கத்து வயல்காரன். பத்து மணிக்குத் திரும்ப வர்றான். நீங்க வந்து நிறுத்தலன்னா இன்னும் பதினொரு குடும்பத்துக்கும் இதே கதி."

"பதினொண்ணா?" பெண்ணின் குரல் மெலிந்துவிட்டது. "கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருங்கம்மா. யாரையும் தொடாதீங்க. வந்துட்டே இருக்கோம்."

"நான் எதுக்கு உள்ள இருக்கணும்? என்னை ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டுத் தெக்லே போனை வைத்தாள். பெண் மரியாதையாகப் பேசினாள், நல்ல வளர்ப்பு என்று அக்காவிடமும் சொன்னாள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ருதேலை மண்சாலையில் புழுதி எழுந்தது. இரண்டு போலீஸ் கார், மூன்று ஆம்புலன்ஸ், ஒரு தீயணைப்பு வண்டி. தீயணைப்பு வண்டியிலிருந்து முகமூடியும் வெள்ளை உடையுமாக நான்கு பேர் குதித்தார்கள்.

லெயோனே வாசலுக்கு வந்தாள். கையில் பீட்ரூட் நறுக்கிய கத்தி, விரலெல்லாம் சிவப்பு. ஒரு வெள்ளை உடைக்காரர் அவளைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டார்.

"சூப்புக்கு நறுக்கறேன்" என்றாள் லெயோனே. "நீங்க யாரைத் தேடறீங்க?"

முன்காரில் வந்த இளம் போலீஸ்காரன் பெயர் அர்னஸ். நகரத்துப் பிள்ளை, பூட்ஸில் தூசு படிந்ததே அன்றுதான் முதல்முறை போலிருந்தது. தெக்லேயிடம் வந்து தணிந்த குரலில் கேட்டான். "அம்மா, அவங்கல்லாம் எங்க இருக்காங்க?"

"சாலையோரம். வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். பின்னால் பதினான்கு பேரும் இரண்டு ஸ்ட்ரெச்சரும். மூன்று பெட்டிகளின் முன் நின்றாள்.

அர்னஸ் சுற்றிலும் பார்த்தான். "வீடு எங்கம்மா?"

"இது நீலம், இது மஞ்சள், இது மூணாவது."

அவன் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். "இது தேனீ."

"நான் எறும்புன்னா சொன்னேன்?"

"குடும்பம்னு சொன்னீங்க."

"வேற என்னன்னு சொல்றது?"

"தவறிடுச்சுன்னு சொன்னீங்கம்மா."

தெக்லே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் தம்பி, உங்க ஊர்ல தேனீ செத்தா போகும்?"

பின்னால் ஒரு வெள்ளை உடைக்காரர் முகமூடிக்குள் இருமினார். இருமல் மாதிரி இருந்தது, இருமல் இல்லை. ஆம்புலன்ஸில் வந்த நடுவயது நர்ஸ் மட்டும் முன்னால் வந்து நீலப் பெட்டியின் வாசலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினாள்.

அர்னஸின் காது சிவந்துவிட்டது. "பொய்த் தகவல் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"எது பொய்?" என்றாள் தெக்லே. "மூணு குடும்பம்னேன். எண்ணிக்கோங்க. விஷம்னேன். மோந்து பாருங்க. பத்து மணிக்கு வருவான்னேன். இப்ப ஒன்பது நாப்பது. நின்னு பாருங்க."

மூத்த போலீஸ்காரர் ஒருவர் அவன் தோளில் கை வைத்தார். "அர்னஸ், விடு. அவங்க சொன்னதுல ஒரு வார்த்தகூடத் தப்பில்ல. எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லும்."

அப்போது ஏரிப் பக்கம் டிராக்டர் சத்தம் நின்றது. க்விதஸ் சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான். வழியில் ரொட்டி வண்டிக்காரன் அவனை மறித்து, ருதேலையில் மூன்று குடும்பம் தவறிவிட்டது, விஷமாம் என்று சொல்லியிருக்கிறான். அவன் டிராக்டரை வயல் முனையில் அப்படியே விட்டுவிட்டுக் கடுகுக்குள் குறுக்கே ஓடி வந்தான். ஆறடி ஆள், முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. மருந்து கேனிலிருந்து கிழித்த லேபிளைக் கையில் பிடித்திருந்தான்.

"டாக்டர் யாரு? இந்த மருந்துதான். இத உடனே பாருங்க" என்று நர்ஸின் கையில் திணித்தான். "நான்தான் அடிச்சேன். காலைல நான்தான். அத்தை, யாரு? யாரு போனது?"

"மூணு குடும்பம்" என்றாள் தெக்லே.

"லெயோனே அத்தையா?"

"என்னை அனுப்ப இன்னும் பெரிய டிராக்டர் வேணும்டா" என்றாள் லெயோனே, அவனுக்குப் பின்னாலிருந்து.

அவன் திரும்பினான், அவளைப் பார்த்தான், பிறகு தெக்லே நின்ற இடத்தைப் பார்த்தான். பெட்டிகள் கண்ணில் பட்டன. புல்லில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று கொஞ்சம் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"தேனீயா. அட கடவுளே. தேனீதானா."

தெக்லே சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தப்பான பக்கம் காதை ஆட்டும் கன்றைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"க்விதஸ், ஓடி வந்தியே, அப்ப ஒரு மூஞ்சி வச்சிருந்த. அந்த மூஞ்சி சரியா இருந்துச்சு. அதோட நில்லு. இந்த தேனீதானாங்கற மூஞ்சி வேண்டாம்."

அவன் சிரிப்பு நின்றது.

"இவங்க உங்க தாத்தா வீட்டு வம்சம். உன் வீட்டுக்குப் பின்னால பச்சைப் பெட்டில இருக்கறதும் அதே வம்சம். காட்டுக்கு மேல பறந்தா கிட்டத்தான், இந்த வயலுக்குத்தான் அவங்களும் வருவாங்க. காலைல போய்ப் பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. எழுந்து தள்ளிப் போய் மனைவிக்குப் போன் செய்தான். பெட்டியருகே போய்ப் பார்க்கச் சொன்னான். காத்திருந்தான். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"வாசல் முழுக்கக் கறுப்பா கெடக்காம்" என்றான்.

"அப்ப நாலு" என்றாள் தெக்லே.

அர்னஸ் அறிக்கையை போலீஸ் காரின் மூக்கில் வைத்து எழுதினான். நல்ல கையெழுத்து. படித்துக் காட்டினான்: 'ருதேலை கிராமத்தில் மூன்று பெட்டித் தேனீக்கள் செத்தன.' தெக்லே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒரு முறை படித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன். செத்தன இல்ல, தவறினன்னு எழுதுங்க. பெட்டி இல்ல, குடும்பம். மூணு இல்ல, நாலு."

"நாலாவது உங்களோடது இல்லையேம்மா."

"எங்களோடதுதான். இவன் என் பிச்யூலிஸ்."

அர்னஸ் மூத்தவரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவள் சொன்ன மூன்று இடத்தையும் அவன் அடித்துத் திருத்தினான். பகலில் மருந்தடித்ததற்கு அரசாங்கம் க்விதஸுக்கு அபராதம் போட்டது. அது அவனுக்கும் அரசாங்கத்துக்கும். அவனிடம் நஷ்டஈடு கேட்கிறீர்களா என்று மூத்தவர் தெக்லேயைக் கேட்டார். பிச்யூலிஸைக் கோர்ட்டுக்கு இழுக்கும் வழக்கமில்லை என்றாள். பிறகு க்விதஸிடம் திரும்பினாள்.

"டிராக்டர வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ. இனிமே எல்லாரும் வீடு திரும்பினதுக்கு அப்புறந்தான் மருந்து. அடிக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன். எனக்கு மட்டுமில்ல, பெட்டி வச்சிருக்கற எல்லார் வீட்டுக்கும். நம்பர் எழுதித் தர்றேன்."

"சரி அத்தை."

"அப்புறம் மண்வெட்டிய எடுத்துட்டு வா."

தேனீக்களை எரிப்பதோ குப்பையில் கொட்டுவதோ இல்லை, மண்ணில்தான் வைப்பார்கள். க்விதஸ் காட்டோரத்தில், தன் தாத்தாவின் பழைய பெட்டிகள் இருந்த இடத்தில் குழி வெட்டினான். முழங்கை ஆழம் போதும் என்று சொன்னாலும் அவன் இடுப்பளவுக்கு வெட்டினான். ஆம்புலன்ஸ்கள் திரும்பிப் போயின. தீயணைப்பு ஆட்கள் மட்டும், முகமூடியைக் கழற்றிவிட்டு, லெயோனே கொடுத்த குளிர்ந்த பீட்ரூட் சூப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார்கள். மூன்றாவது குடும்பத்தின் தாயையும் பிழைத்தவர்களையும் தெக்லே வேறொரு குடும்பத்தோடு சேர்த்தாள். பதினொன்றும் பதினொன்றாகவே நின்றன. மாலை வெயிலில் அவை கால் மஞ்சளாக வீடு திரும்புவதை அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். காலண்டரில் அன்று கோடு போடவில்லை. ஒரு கொட்டும் இல்லை.

க்விதஸ் சொன்னபடி போன் செய்தான். மே முப்பது, ஜூன் நான்கு, ஜூன் பதினொன்று. மூன்று முறையும் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் டிராக்டர் கிளம்பியது. ருதேலையில் அதைப் பெரிய விஷயமாக யாரும் பேசவில்லை. ரொட்டி வண்டிக்காரன் மட்டும் இறங்கும்போதெல்லாம், "எந்தக் குடும்பத்துக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டிக் கதவைத் திறப்பான்.

ஜூன் பதினேழு, பகல் பதினொன்றரைக்கு மறுபடி அவன் போன்.

"அத்தை, ஒரு விஷயம். பதறாதீங்க."

"நான் எப்ப பதறினேன்?"

"ஒரு குடும்பம் என் வீட்டுக்கு வந்திருக்கு. மருந்தடிக்கற மெஷினோட கைல தொங்குது. பெரிய குலை. எனக்கு ராத்திரி கோதுமைக்கு வேலை இருக்கு."

"மெஷின அசைக்காத. பச்சைப் பெட்டியக் கழுவி வை. வெந்நீர்ல."

"கழுவிட்டேன் அத்தை. போன வாரமே கழுவிட்டேன்."

தெக்லே சைக்கிளில் கிளம்பினாள். பின்சீட்டில் தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துப் பால்கேன். ஏழு கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள் மிதித்தாள். க்விதஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறி, கேனைக் குலைக்குக் கீழே பிடித்து, இரும்புக் கையை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். முழுக் கூட்டமும் தொப்பென்று உள்ளே விழுந்தது. வெளியே தங்கியவை முப்பதுகூட இருக்காது.

"உங்களோடதுதானே? வீட்டுக்குக் கொண்டு போயிடுவீங்களா?" என்று அவன் கேட்டான்.

"என்கிட்டேருந்துதான் வந்திருக்காங்க. யாரைத் தேடி வந்தாங்கன்னு பாத்தல்ல" என்று சொல்லிவிட்டு அவள் கேனைப் பச்சைப் பெட்டிக்குள் கவிழ்த்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறியபோது, அவன் மனைவி ஒரு துணியில் சுற்றிக் கறுப்பு ரொட்டி கொடுத்தாள். தெக்லே அதைக் காலி கேனுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

அன்று இரவு பத்து மணிக்குப் போன் மறுபடி அடித்தது. கோதுமைக்கு மருந்தடிக்கப் போவதைச் சொல்ல. சொல்லி முடித்தும் அவன் வைக்கவில்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அத்தை. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். எல்லாரும் உள்ள போயிட்டாங்க. வாசல்ல ரெண்டு பேர் மட்டும் காவலுக்கு நிக்கறாங்க."